தாலிகாத்தான் மணல்

உக்காருங்க தம்பி, இது தாலிகாத்தான் பீச்சுக்குப் போற பஸ்தான். கண்டக்டர் ‘தாலி, தாலி’ன்னு மட்டும்தான் கத்துவான். அவன் மேல தப்பு இல்ல. பழைய பேரச் சொன்னா ரிசார்ட்டுக்காரங்க கோவிப்பாங்க, புதுப் பேரச் சொன்னா ஊர்க்காரங்க சிரிப்பாங்க. பாதியோட நிறுத்திட்டா யாருக்கும் வம்பு இல்ல பாருங்க. முன்னால லேடீஸ் சீட்டுல இருக்கிறது உங்க வீட்டுக்காரம்மாவா? இருக்கட்டும், அங்க நல்லா காத்து வரும்.

பேரு எப்படி வந்துதுன்னு கேக்கீங்க. சரியான ஆளுகிட்டத்தான் கேட்டிருக்கீங்க. அந்தப் பேர வச்சதே நான்தான்.

என் பேரு சிவனணைஞ்சான். மைக் சிவனணைஞ்சான்னு கேட்டா திருச்செந்தூர் வரைக்கும் தெரியும். கோயில் கொடை விழாவுல பிள்ளையத் தொலைச்சவங்களுக்கு அறிவிப்பு, பஞ்சாயத்துத் தண்ணி வரி, எலெக்சன், சாவு வீட்டுத் துட்டி, எதுவானாலும் ஆட்டோவுல குழாயக் கட்டி நான்தான் சொல்லணும். நான் துட்டி சொன்னா அழாத ஆளு கிடையாது. எதிராளிக்கு ஓட்டுக் கேட்டாக்கூட கொஞ்சம் யோசிப்பாங்க. குரல் அப்படி. நானாச் சொல்லல, மத்தவங்க சொல்லுதது.

அந்தக் கடற்கரைக்குப் பழைய பேரு தாலியறுத்தான் மணல். ஏன் அப்படின்னா ஆளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க. தண்ணிக்கு அடியில ஒரு பாறை இருந்துதாம், அதுல மோதி எத்தனையோ படகு போயிருக்கு, அந்தப் பாறைக்குத்தான் தாலியறுத்தான்னு பேருன்னு மீன்பிடிக்கப் போறவங்க சொல்லுவாங்க. அது இல்ல, ஒரு கொள்ளைக்காரன் இருந்தான், கல்யாணம் முடிஞ்சு மணல் வழியா நடந்து வார பொண்ணுங்க கழுத்துல கை வச்சிருவான், அவன் பேருதான்னு மேலத்தெருக்காரங்க சொல்லுவாங்க. வெள்ளைக்காரன் கப்பல்ல ஆம்பளைங்களப் பிடிச்சுட்டுப் போனான், பொம்பளைங்கல்லாம் வரிசையா நின்னு அறுத்துப் போட்டாங்கன்னு இன்னொரு கதை. இதுல எது நெசம்னு தெரியாது. ஆனா மூணும் மைக்குல சொல்லுறதுக்கு லாயக்கில்ல. அதுமட்டும் தெரியும்.

அந்த மணல்லதான் மதுரைக்காரர் ஒருத்தர் ரிசார்ட்டு கட்டினாரு. புதுசாக் கல்யாணம் ஆனவங்களுக்குன்னே ஓலைக்கூரை போட்ட ரூம்பு, கூரைக்குக் கீழ ஏசி. மேனேஜரு சென்னியப்பன்னு கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பையன். தன்மையான ஆளு. தெறப்பு விழாவுக்கு என்னைய மைக் செட்டுக்குக் கூப்பிட்டிருந்தான். அன்னிக்கு மொத மொதல்ல வந்த காருல பொண்ணு, மாப்பிள்ள, பொண்ணோட அம்மா மூணு பேரும் இருந்தாங்க. அந்தம்மா ரோட்டு முக்குல ஹைவேஸ் போர்டைப் படிச்சுது. ‘தாலியறுத்தான் மணல், வலது பக்கம்’. கார் அப்படியே திரும்பிப் போயிட்டு. இறங்கக்கூட இல்ல.

சென்னியப்பன் தலையில கைய வச்சுட்டு உக்காந்துட்டான். “ஏனுங்ணா, பேர மாத்திப்போட முடியாதுங்களா? கோல்டன் சாண்ட்ஸுனு வச்சா என்னங்க?”ன்னான்.

“அது ஊர்ல யார் வாயிலயும் நுழையாது. ‘அறு’வ எடுத்துட்டு ‘கா’வப் போடுங்க. தாலிகாத்தான்”னு சொன்னேன்.

ரெண்டு தடவ சொல்லிப் பாத்தான். மூஞ்சி மலர்ந்துட்டு. “காத்தான்னா, யாருங்ணா காத்தது?”ன்னு கேட்டான். அதுக்கு ஒரு கதை வேணுமில்ல? “நாளைக்கு வாரேன்”னேன்.

சவரக்கடையில உக்காந்து யோசிச்சேன் தம்பி. தாடி எடுத்து முடிக்கிறதுக்குள்ள கதை வந்துட்டு.

முத்துநாச்சின்னு ஒருத்தி. புருஷன் முத்துக் குளிக்கப் போனவன் வரல. ஊரு கூடி, தாலிய இறக்குன்னுது. அவ மாட்டேன்னு கைக்குள்ள இறுக்கிப் பிடிச்சுட்டு, தெனமும் சாயங்காலம் கழுத்தளவு தண்ணியில போயி நிப்பா. ஒரு வருஷம் இல்ல ரெண்டு வருஷம் இல்ல, ஏழு வருஷம். கடல் ராசனுக்கே மனசு கேக்கல. ஏழாவது வருஷம் ஒரு பெரிய அலை. அலை விலகினா, மணல்ல அவன் படுத்துக் கெடக்கான். கண்ணத் தெறந்தான். எந்திரிச்சான். வந்தான். கடல் ராசன்தான் தாலிகாத்தான்.

அவ்வளவுதான். “வந்தான்”னு சொல்லி நிறுத்திருவேன். ஒரு மூச்சு விடுவேன். அந்த மூச்சுக்குள்ள கைதட்டு வந்துரும்.

ரிசார்ட்டு புல்தரையில தெனமும் சாயங்காலம் நாற்காலி போட்டு என்னையச் சொல்ல வச்சாங்க. எனக்கு ஜரிகைத் தலப்பா வேற. முத்துநாச்சிக்கு சிமெண்டுல செலை வச்சாங்க, நீங்க பாப்பீங்க. ரோட்டப் பாத்து நிக்கும். புருஷன் கடல்ல இருந்துல்லா வரணும்னு நான் கேட்டேன். கடலைப் பாத்து நின்னா போட்டோவுல மூஞ்சி விழாதுங்கன்னுட்டான் சென்னியப்பன். அதுவும் சரிதான். செலைக்குப் பக்கத்துல ஒரு புன்னை மரம். யாரோ ஒரு புதுப்பொண்ணு மஞ்சக் கயித்த அதுல கட்டிட்டுப் போச்சு. ஒரு மாசத்துல மரம் தெரியல, கயிறுதான் தெரிஞ்சுது. பஞ்சாயத்துல தீர்மானம் போட்டாங்க, பஸ் போர்டு மாறிச்சு. ஒருநாளு ஒரு அம்மா, சென்னைப் பக்கம் போல, எங்கிட்டயே வந்து, “எங்க பாட்டி சின்ன வயசுல இந்தக் கதையச் சொல்லுவாங்க”ன்னு சொல்லுது. ஆமாம்மா, பழைய கதைன்னேன்.

இப்ப எங்க அக்காவப் பத்திச் சொல்லணும். அவதான் எல்லாத்தையும் கெடுத்தது.

அக்கா பேரு பிரமசக்தி. கடற்கரைக்கு நுழையுற இடத்துல நல்ல தண்ணிக் குளியல் ரூம்பு வச்சிருக்கா. கடல்ல குளிச்சுட்டு வாரவங்க உப்பக் கழுவணுமில்ல? ஆம்பளைக்கு ஒரு வரிசை, பொம்பளைக்கு ஒரு வரிசை. போர் போட்டு மோட்டார் வச்சிருக்கா. என் பெஞ்சாதி முப்பிடாதியும் அங்கதான் பொம்பளை வரிசையப் பாத்துக்கிடுதா.

எங்க அத்தான் மாசானமுத்து கடலுக்குப் போயித் திரும்பல. இருபது வருஷத்துக்கு மேல இருக்கும். ஐப்பசி மாசம், காத்து. படகு ரெண்டா ஒடைஞ்சு வந்துது. கூடப் போனவங்க ரெண்டு பேரோட உடம்பு மணப்பாட்டுப் பக்கம் ஒதுங்குச்சு. அத்தான் உடம்பு மட்டும் கிடைக்கல. அக்கா, “உடம்பு கிடைக்கட்டும்டா, ஒரு மாசம் பாப்போம்”னா. எப்படிப் பாக்க முடியும்? ஊர் கூடி நிக்குது. எனக்கும் பதினெட்டாந் தேதியில இருந்து ஒடங்குடியில கொடை, பந்தல், செட்டு எல்லாம் ஒத்துக்கிட்டாச்சு. நான்தான் கூடப்பிறந்தவன், முன்ன நின்னு பதினாறாம் நாள் காரியத்த முடிச்சேன். அந்த மணல்ல வச்சுத்தான் எல்லாம் நடந்துது. அக்கா தாலியப் பிடிச்ச கைய விரிக்க மாட்டேன்னா, நான்தான் பிடிச்சு விரிச்சேன். மைக் செட்டு காசு வாங்கல. வேற எவன் செய்வான்?

அப்புறம் அக்கா அதப் பத்திப் பேசுனது இல்ல. நானும் கேட்டது இல்ல. நல்லாத்தான் இருந்தா.

முத்துநாச்சி கதைய மொதல்ல அவகிட்டத்தான் சொல்லிக் காட்டினேன். வாளியக் கழுவிட்டு இருந்தா. முழுசும் கேட்டா. கேட்டுட்டு “ம், நல்லாருக்கு”ன்னா. மோட்டார் சத்தம் வித்தியாசமா இருக்குன்னு எந்திரிச்சுப் போயிட்டா. அவ வாயில நல்லாருக்குன்னு வாரது லேசு இல்ல, தம்பி. அதுலயே எனக்குத் தெரிஞ்சுது, கதை நிக்கும்னு.

யாரோ ஒரு டூரிஸ்ட்டுப் பையன் நான் கதை சொல்லுறத செல்போன்ல பிடிச்சுப் போட்டுட்டான். அது எங்கெங்கயோ சுத்தியிருக்கு. கர்நாடகாவுல மல்பேன்னு ஒரு துறைமுகம் இருக்காமே, அங்க நம்ம ஆளுங்க நெறைய பேரு மீன்பிடி போட்டுல வேலை பாக்காங்க. அங்கயும் போயிருக்கு.

போன கார்த்திகையில ஒரு ஞாயித்துக்கிழமை, அக்கா குளியல் ரூம்புல நல்ல கூட்டம். ஆம்பளை வரிசையில ஒரு வயசான ஆளு நிக்காரு, கையில ரெக்சின் பை. அவரு முறை வந்துது. அக்கா நிமிந்து பாக்காம, “வாளியா, ஷவரா?”ன்னு கேட்டிருக்கா.

“பிரமு”ன்னாரு.

அக்கா நிமிந்து பாத்தா. முப்பிடாதி பக்கத்துல இருந்து பாத்துட்டே இருந்திருக்கா, அவதான் எனக்குச் சொன்னா. அக்கா ரொம்ப நேரம் பாத்தாளாம். அப்புறம், “வாளியா, ஷவரா? பின்னால ஆளு நிக்குது”ன்னாளாம்.

“வாளி”ன்னாரு அத்தான்.

வாளியக் குடுத்தா. அவரு குளிச்சுட்டு வெளிய வந்தாரு. தலை தொடைக்கத் துண்டு இல்லாம நின்னாரு. அக்கா தன் துண்டத் தூக்கிக் குடுத்துட்டு, அடுத்த ஆளப் பாத்து வாளியா ஷவரான்னு கேட்டா. முப்பிடாதி மட்டும் வரிசைய விட்டுட்டு எங்கிட்ட ஓடி வந்தா.

நான் போயிக் கட்டிப் பிடிச்சேன். அத்தான் அழுதாரு. “உன் குரலக் கேட்டுத்தான் வந்தேன் மாப்ள. போட்டுல பசங்க செல்லுல போட்டானுங்க. கதை யாருக்கோ சொன்ன மாதிரி இல்ல, எனக்குச் சொன்ன மாதிரி இருந்துது”ன்னாரு. நீங்களே சொல்லுங்க தம்பி, இருபது வருஷம் எந்தச் சாமி கூப்பிட்டும் வராத மனுசன். என் குரல் கூட்டிட்டு வந்துட்டு.

நடந்தது என்னன்னா, படகு ஒடைஞ்சு கட்டையப் பிடிச்சுக் கெடந்தவர ஒரு பெரிய போட்டு தூக்கிட்டுப் போயிருக்கு. மல்பேயில எறக்கி விட்டாங்க. அங்கயே வேலை கெடைச்சுது. “வரணும்னுதான் நெனச்சேன் மாப்ள. இன்னிக்கு நாளைக்குன்னு போச்சு. அப்புறம் வெக்கமாப் போச்சு. அப்புறம் அங்க ஒரு இது ஆயிப்போச்சு”ன்னாரு. இதுன்னா, பொம்பளை. போன வருஷம் அது காய்ச்சல்ல செத்துப்போச்சாம். பிள்ளை குட்டி இல்ல. ஆம்பளை, என்ன செய்வாரு? மனசு வந்துது, வந்துட்டாரு. வந்ததத்தானே பாக்கணும்?

அவர எங்க வீட்டுல தங்க வச்சேன். தெனமும் காலையில போயி அக்கா குளியல் ரூம்புக்கு எதுத்தாப்புல உக்காந்துக்கிடுவாரு. அக்கா அவருக்குச் சாயா வாங்கிக் குடுப்பா. பேசிக்கிட மாட்டாங்க. ஒருநாளு நான் போகும்போது அக்கா கேட்டுட்டு இருந்தா.

“அந்தப் பொம்பளைக்கு என்ன பேரு?”

“கிரிஜா.”

“அவளுக்கு எல்லாம் ஒழுங்காப் பண்ணினியா?”

“பண்ணினேன். பதினாறும் பண்ணினேன்.”

“சரி”ன்னா. சாயா கிளாச வாங்கிக் கழுவி வச்சுட்டா. கோவமே இல்ல பாத்துக்கிடுங்க. ஒரு பொம்பளைக்கு அவ்வளவு பெரிய மனசு இருந்தா, மத்ததெல்லாம் தானா நடந்துரும்னுதானே யாரும் நெனைப்பாங்க?

சென்னியப்பனுக்கு விஷயம் தெரிஞ்சதும் ரூம்ப விட்டு ஓடி வந்தான். “அண்ணா, கதை நெசமாயிப் போச்சுங்ணா!” அவனுக்குக் கண்ணு கலங்கிட்டு. காணும் பொங்கல் அன்னிக்கு, கடற்கரையில கூட்டம் நிக்க எடம் இருக்காது, அன்னிக்கு முத்துநாச்சி செலைக்கு முன்னால மேடை போட்டு, அத்தான் அக்காவுக்குத் திரும்பத் தாலி கட்டணும்னான். பட்டுச்சேலை, மாலை, டிவிக்காரங்க, சாப்பாடு எல்லாம் ரிசார்ட்டு செலவு.

நான் போயி அக்காகிட்டச் சொன்னேன். காணும் பொங்கல் அன்னிக்குச் சாயங்காலம், அக்கா, அஞ்சு மணிக்குன்னேன். அவ, “அன்னிக்குக் கூட்டம் நெறைய இருக்குமேடா”ன்னா. ஆமா, நெறைய பேரு பாப்பாங்கன்னேன். தலைய ஆட்டினா. இதுக்கு மேல ஒரு பொம்பளைகிட்ட எப்படிச் சம்மதம் வாங்குறது? முப்பிடாதி மட்டும், “மதினி சரின்னா சொன்னாவ?”ன்னு கேட்டா. நீ சும்மா இருன்னுட்டேன்.

காணும் பொங்கல் வந்துது. மணல் தெரியல, தலைதான் தெரிஞ்சுது. மேடையில வாழைமரம், சீரியல் பல்பு, நாதஸ்வரம். அத்தான் பட்டு வேட்டி கட்டி, மாலை போட்டு உக்காந்திருந்தாரு. சவரம் பண்ணதும் பத்து வயசு கொறஞ்சு போச்சு. நான் தலப்பாவக் கட்டிட்டு முத்துநாச்சி கதைய ஆரம்பிச்சேன். என் வாழ்க்கையில அப்படிச் சொன்னது இல்ல. ஏழு வருஷம்னு சொல்ல வேண்டிய எடத்துல குரல் தானா நடுங்கிச்சு. “வந்தான்”னு சொல்லிக் கைய அத்தான் பக்கம் நீட்டினேன். அந்தக் கைதட்டு, தம்பி, இப்பவும் காதுல இருக்கு.

“இதோ, நம் காலத்து முத்துநாச்சி”ன்னு கூப்பிட்டேன். யாரும் வரல. ரெண்டாவது தடவ கூப்பிட்டேன். கூட்டத்துல வழி விட்டாங்க. அக்கா வந்தா. பட்டுச்சேல கட்டல. தெனம் கட்டுற அதே சாதா வாயில் சேல, பாதிக்கு நனைஞ்சிருக்கு. கையில மோட்டார் ரூம்பு சாவி. பின்னாலயே முப்பிடாதி.

மேடையில ஏறி எங்கிட்ட வந்து கைய நீட்டினா. எனக்குப் புரியல. மைக்கத்தான் கேட்டிருக்கா. என் மைக்க எங்கிட்ட இருந்து அதுவரை யாரும் வாங்குனது இல்ல. குடுத்துட்டேன். அவளுக்கு அதப் பிடிக்கத் தெரியல, வாய்க்கு ரொம்பப் பக்கத்துல வச்சுக்கிட்டா. மூச்சு விடுறதெல்லாம் கடற்கரை முழுக்கக் கேட்டுது.

அத்தானப் பாத்துப் பேசுனா. கூட்டத்தப் பாக்கவே இல்ல.

“எனக்கு ஒம்மேல கோவம் இல்ல. உசுரோட இருக்கது நல்லதுதான். ஆனா நீ செத்ததுக்கு நான் அழுதுட்டேன். கொஞ்ச நஞ்சம் இல்ல, முழுசா அழுது முடிச்சுட்டேன். முடிச்சதுக்குப் பெறகு என் பாட்டுக்கு இருக்கப் பழகுனேன். பழகுறதுக்கு ரொம்ப நாளாச்சு. இனி மாத்திப் பழக என்னால ஆகாது. நீ எங்கயாவது நல்லா இரு.”

 நாதஸ்வரக்காரர் சீவாளிய வாயில வச்சது வச்சபடி இருந்தாரு. சரி, முடிச்சுட்டா, எப்படியாவது சமாளிப்போம்னு மைக்க வாங்கப் போனேன். அவ குடுக்கல. கூட்டத்தப் பாத்துத் திரும்பி, “குளிக்கிறவங்க ஆறரைக்குள்ள வந்துருங்க. அதுக்கு மேல மோட்டார நிறுத்திருவேன்”னு சொல்லிட்டு எங்கையில குடுத்துட்டு இறங்கிப் போயிட்டா.

அதுக்குக் கைதட்டுதாங்க, தம்பி. மொதல்ல எங்கயோ பின்னால ஒரு பொம்பளை தட்டுச்சு. அப்புறம் அந்தப் பக்கம் பூரா பொம்பளைங்க தட்டுதாங்க. மோட்டார் நிறுத்துற அறிவிப்புக்கு எதுக்குக் கைதட்டுன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரியல. முப்பது வருஷமா இந்த மாதிரி ஆயிரம் அறிவிப்பு நான் சொல்லியிருக்கேன்.

 அத்தான் மாலையக் கழட்டி நாற்காலியில வச்சாரு. “நியாயம்தான் மாப்ள”ன்னாரு. அப்புறம், “சாப்பாடு உண்டா?”ன்னு கேட்டாரு. எரநூறு பேருக்குச் சமைச்சிருந்துது. எல்லாரும் சாப்பிட்டாங்க.

அதோட எனக்குப் போச்சு. சென்னியப்பன் தன்மையாத்தான் சொன்னான், “கதையக் கேட்டாலே இப்ப உங்க அக்காவப் பத்தித்தானுங்ணா கேக்கறாங்க, கொஞ்ச நாளு ஆறப்போடலாங்க”ன்னு. இப்ப செலைக்குப் பக்கத்துல ஒரு பெட்டி வச்சிருக்காங்க, பட்டன அமுக்குனா கதை வரும். குரல் என்னதுதான். நான் அந்தப் பக்கம் போனா நானே பேசிட்டு இருக்கேன், நின்னு கேட்டுட்டு வாரேன். கேக்க வேற ஆளு இருக்காது. எல்லாரும் குளியல் ரூம்புப் பக்கம் நிக்காங்க. மதுரையில இருந்து, நாகர்கோவில்ல இருந்தெல்லாம் பொம்பளைங்க வாராங்க. வந்து அக்காகிட்ட ஏதோ சொல்லுதாங்க, அழுவுதாங்க, மூஞ்சியக் கழுவிட்டுப் போறாங்க. அவ ஒண்ணும் பெருசாப் பேச மாட்டா. வாளியா ஷவரான்னு கேப்பா.

முப்பிடாதியும் இப்ப அங்கதான் தங்கிட்டா. “கூட்டிட்டு வந்தது நீங்க, நீங்களே பொங்கிப் போடுங்க”ன்னுட்டா. அத்தான் என் வீட்டுலதான் இருக்காரு. மனுசன் மோசம் இல்ல. ரசம் நல்லா வைப்பாரு. ரெண்டு ஆம்பளைங்க, ஒரு அடுப்பு. மல்பேக்குத் திரும்பிப் போறேன்னு சொல்லிட்டே இருக்காரு, இன்னிக்கு நாளைக்குன்னு போகுது.

அடுத்த ஸ்டாப்புதான் உங்களுக்கு. கொஞ்சம் இருங்க, ஒண்ணு மட்டும் சொல்லிருதேன், நீங்க படிச்சவங்க மாதிரி தெரியுது.

போன வாரம் அக்காகிட்ட நேராவே கேட்டுட்டேன். முத்துநாச்சி கதைய நீதானே நல்லாருக்குன்னு சொன்ன, அப்புறம் ஏன் இப்படிப் பண்ணினன்னு கேட்டேன். அவ மோட்டாருக்கு எண்ணெய் விட்டுட்டு இருந்தா. “நல்ல கதைதான்டா. ஆனா அவன் வந்தான்னு சொல்லி நிறுத்திட்ட. அவ என்ன சொன்னான்னு நீ சொல்லவே இல்லியே”ன்னா.

நான் என்ன சொல்லட்டும்? அந்த எடத்துல அவ எதுக்குப் பேசணும்? வந்தான்னு சொன்னா கைதட்டு வரும். அதுக்கு மேல ஒரு வார்த்தை சேத்தாலும் கைதட்டு நின்னுபோகும். இத்தனை வருஷம் மைக் பிடிச்சவன், எனக்குத் தெரியாதா? அக்காவுக்கு மேடை பழக்கம் இல்ல, தம்பி. அதான் விஷயம்.